மறுபடியும் முதலிலிருந்து: விற்பனை வரி வழக்கும் திருப்பி அனுப்பும் உத்தரவும்

விற்பனை வரி வழக்கில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் ஒருசேரப் பிடிக்காத தீர்ப்பு ஒன்று உண்டு. கீழ் உத்தரவு ரத்து. வழக்கு மறுபரிசீலனைக்காகத் தீர்ப்பாயத்துக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது. இரு தரப்பையும் கேட்டுச் சட்டப்படி முடிவெடுக்க வேண்டும். வழக்கறிஞர் போனில் "நமக்குச் சாதகம்தாங்க" என்பார். "அப்போ வரி கட்ட வேண்டாமா சார்?" என்று வணிகர் கேட்பார். நேரான பதில் வராது. இரண்டு பக்கமும் மறுபடி வக்காலத்து, மறுபடி வாய்தா.

இந்த உத்தரவு காலத்தை இழுத்தடிக்கும் வேலை என்று பலரும் சலித்துக்கொள்கிறார்கள். சலிப்பில் நியாயம் உண்டு. ஆனால் மேலே இருப்பவர்கள் முடிவெடுக்கத் தயங்குவதால்தான் கோப்பு கீழே இறங்குகிறது என்பதை நான் ஏற்கவில்லை. முதல் மேசையில் எழுதப்பட்ட உத்தரவில் சேர்ந்திருக்க வேண்டிய உண்மை சேராமல் போயிருக்கிறது; அதைத் தேடித்தான் கோப்பு இறங்குகிறது. திருப்பி அனுப்பும் அதிகாரத்தைச் சட்டம் போட்டுப் பறித்தால் தேவை மறைந்துவிடுமா? மறையவில்லை. அது வேறு மேசைக்கு, வணிகருக்கு இன்னும் தொலைவான மேசைக்கு, ஏறிவிட்டது. கடந்த சில ஆண்டுகளில் நடந்தது இதுதான்.

விழுப்புரமும் திண்டிவனமும் வரி வழக்குக்குப் பேர்போன ஊர்கள் அல்ல. ஆனால் வரிச் சச்சரவு எப்படி முளைக்கிறது என்று பார்க்க ஏற்ற ஊர்கள். 1993 வரை இரண்டும் தென்னாற்காடு மாவட்டம், தலைநகர் கடலூர். சுற்றுவட்டாரத்தில் மல்லாட்டை (மணிலா, அதாவது நிலக்கடலை), நெல், உளுந்து, எள், கரும்பு. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மணிலா 80 கிலோ மூட்டைக் கணக்கில் ஏலம் போகும். கூடத்துக்கு வெளியே தரகு மண்டி, உடைப்பு மில், எண்ணெய் மில். இரண்டு ஊரிலிருந்தும் சுமார் நாற்பது கிலோமீட்டரில் புதுச்சேரி, அதாவது வேறொரு வரிச் சட்டம். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் உயர் நீதிமன்றமும் சென்னையில்: திண்டிவனத்திலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர், விழுப்புரத்திலிருந்து 160. மதுரைக் கிளை 2004இல் வந்தபோதும் இந்தப் பக்கத்துக்கு எதுவும் மாறவில்லை.

சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி 1939இல் வந்தது. ராஜாஜி அமைச்சரவை 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியிருந்தது. கள், சாராய வருமானம் போன இடத்தை நிரப்ப ஒரு வரி தேவைப்பட்டது. விகிதம் சொற்பம், ஆனால் கைமாறும் ஒவ்வொரு முறையும் வரி. பின்னால் பல சரக்குகளுக்கு ஒருமுனை வரி என்றானது. 1956ஆம் ஆண்டின் மத்திய விற்பனை வரிச் சட்டம் எண்ணெய் வித்துகளைச் சிறப்பு முக்கியத்துவம் உள்ள சரக்காக அறிவித்து, மாநிலங்கள் அவற்றின் மேல் ஒரே ஒரு முனையில், உச்சவரம்புக்குள்தான் வரி போடலாம் என்றது. 1959இல் தமிழ்நாட்டின் பொது விற்பனை வரிச் சட்டம் புதிதாக எழுதப்பட்டது. 2007 ஜனவரியில் மதிப்புக் கூட்டு வரி வரும்வரை அதுதான் ஆட்சி செய்தது.

ஒருமுனை வரி கேட்க எளிமையாக இருக்கும். விவசாயி தன் நிலத்தில் விளைந்ததை விற்றால் அது வரிக்குரிய விற்றுமுதல் அல்ல. வாங்கியவர் யார்? மண்டிக்காரர் தன் கணக்கில் வாங்கினாரா, விவசாயியின் சரக்கை இறக்கி வைத்து மில்லுக்குத் தள்ளிவிட்டுத் தரகு மட்டும் எடுத்தாரா? வாங்குபவர் உள்ளூர் மில்லா, வேறு மாநிலத்துக்கு ஏற்றுபவரா? சட்டத்தில் 'முனை' ஒரே ஒரு சொல். மண்டியில் அது மூன்று பேர் கையில் இருக்கும் மூன்று சீட்டு. வழக்கின் தலையெழுத்தே இந்தச் சீட்டுகளை யார், எப்படிப் படித்தார் என்பதில் இருக்கிறது.

ஒரு கணக்கைக் கற்பனையாகவே போட்டுப் பார்ப்போம். விற்பனை வரிக் காலம், திண்டிவனத்தில் ஒரு மண்டி. அமலாக்கப் பிரிவு தணிக்கைக்கு வருகிறது. கல்லாப்பெட்டிக்கு அடியில் துண்டுச் சீட்டுகள். பன்னிரண்டு நாள் கொள்முதல், பேரேட்டில் ஏறாதது, மொத்தம் 1,80,000 ரூபாய். தமிழ்நாட்டு வரி அலுவலகங்களில் இதற்கு ஒரு வாடிக்கை உண்டு: அகப்பட்டது இவ்வளவு என்றால் அகப்படாததும் இவ்வளவு இருக்கும் என்று அதே தொகையை இன்னொரு முறை கூட்டுவது. ஆக 3,60,000. வரி 4 சதவீதம் என்றால் 14,400. வேண்டுமென்றே மறைத்ததாக முடிவு செய்தால் தண்டம் 150 சதவீதம் வரை போகும், அது 21,600. மொத்தம் 36,000 ரூபாய். உத்தேசமாகக் கூட்டிய பாதிக்கும் தண்டம் உண்டா என்பது தனிச் சண்டை.

இந்த 36,000இல் உண்மை எவ்வளவு, ஊகம் எவ்வளவு? ஊகமே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. 1973இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த எசுஃபலி வழக்கு இதில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. மத்தியப் பிரதேச வணிகர் ஒருவரிடம் கணக்கில் வராத பில் புத்தகம் சிக்கியது. பத்தொன்பது நாள் விற்பனை, 31,171 ரூபாய் சில்லறை. அதைக்கொண்டு அலுவலர் ஆண்டு முழுவதற்கும் மறைத்த விற்பனை இரண்டரை லட்சம் என்று மதிப்பிட்டார். பத்தொன்பது நாளுக்குத்தான் ஆதாரம், மீதி நாளுக்கு ஏது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கணக்கை மறைத்தவனே, மறைத்தது இவ்வளவுதான் என்று அளவு சொல்ல முடியாது. கிடைத்த ஆதாரத்தோடு மதிப்பீட்டுக்குத் தொடர்பு இருந்தால் போதும் என்றது.

அதற்கு முன்பே, 1960களின் நடுவில், கேரள வணிகர் வேலுக்குட்டி வழக்கில் அதே நீதிமன்றம் மறுபக்கத்தையும் சொல்லியிருக்கிறது. உத்தேச மதிப்பீட்டில் ஊகம் கலக்கும், கலக்கலாம். ஆனால் அது கைப்பற்றிய ஆதாரத்திலிருந்து நியாயமாகக் கிளம்ப வேண்டும். அலுவலரின் மனம்போன போக்கில் கிளம்பக் கூடாது. இந்த இரண்டு தீர்ப்புக்கும் நடுவில்தான் தமிழ்நாட்டின் ஆயிரக்கணக்கான கோப்புகள் கிடக்கின்றன. சீட்டில் உள்ள சரக்கு மண்டிக்காரருடையதா, விவசாயியுடையதா என்று விசாரித்துவிட்டு இரட்டிப்பாக்கினால் அது எசுஃபலி. விசாரிக்காமல் இரட்டிப்பாக்கினால் அது வேலுக்குட்டி. இரண்டு உத்தரவிலும் கடைசித் தொகை ஒன்றாகவே இருக்கலாம்.

முதல் மேசையில் இந்த விசாரணை ஏன் நடப்பதில்லை? அலுவலர்களைக் குறை சொல்லி முடித்துவிடக் கூடாது, அமைப்பே அப்படி. கடையில் தணிக்கை செய்பவர் அமலாக்கப் பிரிவு. உத்தரவு எழுத வேண்டியவர் அந்த வட்டத்தின் வரிவிதிப்பு அலுவலர். அமலாக்கப் பிரிவு தன் கண்டுபிடிப்பை, எவ்வளவு கூட்ட வேண்டும், எவ்வளவு தண்டம் என்ற முன்மொழிவோடு அனுப்பும். துறைக்குள் அதற்கு டி-3 என்று பெயர். வட்ட அலுவலர் வணிகருக்கு முன்னறிவிப்பு அனுப்புவார், பதில் வாங்குவார், பிறகு டி-3இல் உள்ளதையே உத்தரவாகப் பெயர்த்து எழுதுவார். மேலதிகாரியின் முன்மொழிவைத் தாண்டி எழுதினால் நாளைத் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். 2006இல் மெட்ராஸ் கிரானைட்ஸ் வழக்கிலும் 2015இல் நரசுஸ் ரோலர் ஃப்ளவர் மில்ஸ் வழக்கிலும் சென்னை உயர் நீதிமன்றம் இந்தப் பழக்கத்தைக் கண்டித்தது. வரிவிதிப்பு அலுவலர் நீதிபதியைப் போல நடக்க வேண்டியவர். அமலாக்கப் பிரிவின் கருத்து அவரைக் கட்டுப்படுத்தாது. தன் புத்தியால் முடிவெடுக்க வேண்டும். அப்படி எடுக்காத உத்தரவு என்றால் கோப்பு அவரிடமே திரும்பும்.

இதற்கு மேல் படிகள். 1959 சட்டத்தில் மேல்முறையீட்டு உதவி ஆணையர், அவருக்கு மேல் விற்பனை வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். மாவட்ட நீதிபதி தகுதிக்குக் குறையாத நீதித்துறை அலுவலர் தலைவர். சென்னையில் முதன்மை அமர்வு, மதுரையிலும் கோவையிலும் கூடுதல் அமர்வுகள். வரியை உறுதிசெய்யலாம், குறைக்கலாம், கூட்டலாம், ரத்து செய்யலாம், புதிதாக மதிப்பிடச் சொல்லி அனுப்பலாம். 'கூட்டலாம்' என்பதைப் படிக்காமல் தாண்டக் கூடாது. துறையின் சார்பில் வாதாடும் அரசுப் பிரதிநிதி, வணிகரின் மேல்முறையீட்டிலேயே தொகையை உயர்த்தக் கோரி மனுப் போடுவதுண்டு. குறைக்கக் கேட்டுப் போனவர் கூட்டிக்கொண்டு திரும்பலாம். திருப்பி அனுப்பப்பட்ட வழக்கிலும் இந்த அபாயம் உண்டு. உயர் நீதிமன்றம் எல்லா வாதமும் திறந்திருக்கிறது என்று எழுதிவிட்டால் அது இரு தரப்புக்கும்தான் திறந்திருக்கிறது.

தீர்ப்பாயத்துக்கு மேலே உயர் நீதிமன்றம். அங்கே போகலாம், ஆனால் சட்டக் கேள்வியோடு மட்டும். 1959 சட்டத்தின் 38ஆம் பிரிவும், பின்னால் வந்த 2006ஆம் ஆண்டின் மதிப்புக் கூட்டு வரிச் சட்டத்தின் 60ஆம் பிரிவும் ஒரே மாதிரி: தீர்ப்பாயம் சட்டக் கேள்வியைத் தப்பாக முடிவு செய்திருக்க வேண்டும், அல்லது முடிவு செய்யாமல் விட்டிருக்க வேண்டும். சீட்டில் உள்ள மூட்டை யாருடையது என்பது உண்மைக் கேள்வி. அதில் தீர்ப்பாயமே கடைசி. தீர்ப்பாயம் ஆதாரத்தைப் பார்க்காமலே முடிவெடுத்தது என்றால்தான் அது சட்டத் தவறாகிறது. தவறு என்று உயர் நீதிமன்றம் சொல்லலாம். ஆனால் அந்த ஆதாரத்தைத் தானே எடுத்து எடைபோட்டு மூட்டை விவசாயியுடையது என்று எழுத முடியாது. எனவே கோப்பு இறங்குகிறது. நீதிபதிகளின் தயக்கத்தைக் காரணமாகச் சொல்பவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இது.

உண்மை விவரங்களில் தகராறு இல்லாத வழக்கைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். அதுவும் மணிலா வழக்குதான். பழைய சென்னை மாகாண விதிகளின்படி, மணிலா எண்ணெய் தயாரிப்பவர் வாங்கிய மணிலாவின் விலையை எண்ணெய் விற்பனையிலிருந்து கழித்துக்கொள்ளலாம். கர்நூலின் துங்கபத்ரா இண்டஸ்ட்ரீஸ் எண்ணெயோடு வனஸ்பதியும் தயாரித்தது. ஹைட்ரஜன் ஏற்றி உறையவைத்த எண்ணெய் மணிலா எண்ணெய்தானா? எவ்வளவு தயாரித்தார்கள், எவ்வளவு விற்றார்கள் என்பதில் சண்டை இல்லை. உறைந்தாலும் அது மணிலா எண்ணெய்தான், கழிவு உண்டு என்று 1960இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. திருப்பி விசாரிக்க எதுவும் மிச்சமில்லை. சட்டக் கேள்வி மேலே தீர்ந்துவிடும். மூட்டைக் கேள்விதான் கீழே வரும்.

நல்ல திருப்பி அனுப்பும் உத்தரவு எப்படி இருக்கும் என்பதற்கு நான் காட்டுவது ஒரு வருமான வரி வழக்கை, 1954ஆம் ஆண்டின் டாக்கேஸ்வரி காட்டன் மில்ஸ். டாக்காவில் இருந்த ஆலை. லாப விகிதம் குறைவாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று துறை அதை உயர்த்தியது. தீர்ப்பாயம் அதற்கு நம்பிய சான்றுகளில் ஒன்று, மற்ற ஆலைகளின் லாப விகிதம் பற்றித் துறை கொடுத்த பட்டியல். அந்தப் பட்டியல் ஆலைக்குக் காட்டப்படவில்லை. ஆலை கொடுக்க முன்வந்த கணக்குகளும் பார்க்கப்படவில்லை. உச்ச நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்து தீர்ப்பாயத்துக்கே அனுப்பியது, பணியையும் சொல்லி: மதிப்பிடும்போது எதை நம்புகிறாயோ அதை எதிராளிக்குக் காட்டு, பதில் சொல்ல முழு வாய்ப்புக் கொடு. என்ன குறை, யார் சரிசெய்ய வேண்டும், எப்படி, மூன்றும் அந்த உத்தரவில் உண்டு. இருபத்துமூன்று ஆண்டு கழித்து, 1977இல், ஷாதுலி வழக்கில் இதே கருத்து மளிகைக் கடைவரை இறங்கியது. மொத்த வியாபாரியின் கணக்கில் உன் பெயர் இருக்கிறது என்று சில்லறை வணிகர் மேல் வரி போட்டால், அந்த மொத்த வியாபாரியைக் குறுக்கு விசாரணை செய்ய அவர் கேட்கும்போது மறுக்கக் கூடாது.

மோசமான உத்தரவு சுருக்கமாக இருக்கும். கேட்டோம், மறுபரிசீலனை தேவை என்று கருதுகிறோம், எல்லா விவாதமும் திறந்திருக்கிறது. எதை மறுபரிசீலிக்க? உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஆம் கட்டளை இதற்கு நூறாண்டுக்கு முன்பே வழி வகுத்திருக்கிறது. ஆதாரம் கோப்பில் போதுமான அளவு இருந்தால் மேல் நீதிமன்றமே முடிவு செய்யலாம். ஒரே ஒரு கேள்விக்கு விடை வேண்டும் என்றால் மேல்முறையீட்டைத் தன்னிடமே நிறுத்தி வைத்துக்கொண்டு, அந்தக் கேள்வியை மட்டும் கீழே அனுப்பி விடை வரவழைக்கலாம். முழு வழக்கையும் ரத்து செய்து இறக்குவது கடைசி வழி. 1999இலும் 2002இலும் உச்ச நீதிமன்றம் வகைதொகையில்லாமல் திருப்பி அனுப்புவதைக் கண்டித்திருக்கிறது. வரித் தீர்ப்பாயத்தில் இந்த நடுவழி அறிக்கை கேட்கும் வடிவில் இருக்கிறது. திண்டிவனம் மண்டி வழக்கில் ஒரு கேள்வி போதும்: சீட்டில் பெயர் உள்ள விவசாயிகளை விசாரித்து, சரக்கு யார் கணக்கில் இறங்கியது என்று இத்தனை வாரத்தில் அறிக்கை கொடு. வரி விகிதம், தண்டம், காலவரம்பு எல்லாவற்றையும் மறுபடி கிளற வேண்டாம்.

புதுச்சேரி எல்லை இன்னொரு வகைக் கோப்பை உண்டாக்கியது. புதுச்சேரியின் விற்பனை வரிக்கே ஒரு விசித்திர வரலாறு உண்டு. 1965இல் அங்குள்ள சட்டமன்றம் தனக்கென ஒரு சட்டத்தை எழுதாமல், இந்தச் சட்டம் நடைமுறைக்கு வரும் நாளில் சென்னைச் சட்டம் எப்படி இருக்கிறதோ அது எங்களுக்கும் என்று தீர்மானித்துவிட்டது. இடையில் சென்னைச் சட்டமன்றம் தன் சட்டத்தைத் திருத்தியது. 1966இல் திருத்திய வடிவம் புதுச்சேரியில் நடைமுறைக்கு வந்தது. எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமலே போட்ட கையெழுத்து. ஷாமா ராவ் வழக்கில் 1967இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு, இது சட்டம் இயற்றும் கடமையைக் கைவிடுவது என்று சொல்லி அதைச் செல்லாததாக்கியது. பின்னரே புதுச்சேரி தன் சொந்தச் சட்டத்துக்கு வந்தது.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் ஒரு லாரிச் சரக்கு, ஒரு மணி நேரப் பயணமானாலும், மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை. விற்பனை வரிக் காலத்தில் வாங்கியவர் 'சி' படிவம் கொடுத்தால் வரி குறைவு: பல ஆண்டு 4 சதவீதம், 2007இல் 3, 2008இல் 2. படிவம் இல்லாவிட்டால் அதிக விகிதம். படிவத்தை எழுதித் தர வேண்டியவர் வாங்கியவர். அவருக்குக் கொடுக்க வேண்டியது அந்தப் பகுதியின் வரி அலுவலகம். வராததற்குத் தண்டனை விற்றவருக்கு. மதிப்பீடு முடிந்த பிறகு படிவம் கைக்கு வந்தால்? இதில் தமிழ்நாட்டு வணிகர்களுக்குப் பெரிய ஆறுதல், அருள்முருகன் அண்ட் கம்பெனி வழக்கில் 1982இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு கொடுத்த தீர்ப்பு. மேல்முறையீடு என்பது மதிப்பீட்டின் தொடர்ச்சி. போதிய காரணம் இருந்தால் தாமதமாக வந்த படிவத்தை மேல்முறையீட்டு அதிகாரியும் தீர்ப்பாயமும் ஏற்கலாம். சரியாகப் படித்தால் இது திருப்பி அனுப்புவதைக் குறைக்கும் தீர்ப்பு. படிவம் கையில் இருக்கிறது, சரிபார்த்து முடித்துவிடலாம். நடைமுறையிலோ படிவத்தைச் சரிபார்க்கவென்றே கோப்பு வட்ட அலுவலகத்துக்கு இறங்கிய கதைகள் நிறைய.

மதிப்புக் கூட்டு வரி வந்ததும் கடைக்குள் தேடாமலே குற்றம் கண்டுபிடிக்க முடிந்தது. வாங்கியவர் தன் கொள்முதலை ஒரு இணைப்பில் காட்டுகிறார், விற்றவர் தன் விற்பனையை இன்னொன்றில். கணினி இரண்டையும் ஒப்பிட்டுப் பொருந்தாததைக் கக்கும். அலுவலர் வாங்கியவரின் உள்ளீட்டு வரி வரவை, அதாவது கொள்முதலில் கொடுத்த வரிக்கான கழிவை, திரும்பப் பெறுவார். விற்றவர் ஒரு இலக்கத்தைத் தப்பாக அடித்திருந்தாலும், அடுத்த மாதம் காட்டியிருந்தாலும், வரியே கட்டாமல் ஓடியிருந்தாலும் பிடிபடுபவர் கடையைத் திறந்து வைத்திருப்பவர்தான். விற்றவர் வரி கட்டவில்லை என்பதற்காக மட்டும் வாங்கியவரின் வரவை மறுக்க முடியாது என்று 2013இல் ஸ்ரீ விநாயகா ஏஜென்சீஸ் வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னது. பொருந்தாமை நோட்டீசுகள் ஓயவில்லை. 2017 மார்ச்சில் ஜேகேஎம் கிராஃபிக்ஸ் வழக்கோடு ஒரு பெரும் கட்டாக வந்த மனுக்களில் மதிப்பீடுகளை ரத்து செய்து திருப்பி அனுப்பிய நீதிமன்றம், பொருந்தாமையை மட்டும் கவனிக்க மையமான ஒரு ஏற்பாட்டைத் துறை உருவாக்க வேண்டும் என்றும் சொன்னது. தனித்தனிக் கோப்பை இறக்குவதைவிட இது புத்திசாலித்தனம். ஆனால் துறை சுற்றறிக்கை விட்டு வழிமுறை வகுக்க 2021 ஆனது. அதற்குள் அந்த வரியே போய் ஏறக்குறைய நாலு வருடம்.

இடையில் ஆறுதல் பரிசுபோல ஒன்று வந்தது. 2023இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த நிலுவைத் தீர்வுச் சட்டம், பழைய வரிச் சட்டங்களின் கீழ் 50,000 ரூபாய்க்கு உட்பட்ட நிலுவைகளை முழுதாகத் தள்ளுபடி செய்தது. நல்ல முடிவுதான். பல ஆண்டு இழுத்த சிறு வழக்குகள் பல, மூட்டை யாருடையது என்று யாரும் சொல்லாமலே முடிந்தன.

இனி 2017 ஜூலைக்குப் பிறகு, மதிப்புக் கூட்டு வரியின் இடத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரி வந்த காலம். சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தை எழுதியவர்கள் திருப்பி அனுப்பும் நோயைக் கண்டு பயந்தவர்கள் என்று தெரிகிறது. 107ஆம் பிரிவின் 11ஆம் உட்பிரிவு முதல் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எல்லா அதிகாரமும் கொடுத்துவிட்டு, வழக்கைக் கீழே திருப்பி அனுப்பக் கூடாது என்று வெளிப்படையாகத் தடுக்கிறது. இது புதிதல்ல. 2001இல் மத்திய கலால் வரியிலும் வருமான வரியிலும் முதல் மேல்முறையீட்டு ஆணையரிடமிருந்து இதே அதிகாரம் எடுக்கப்பட்டது. வருமான வரியில் என்ன ஆயிற்று? கணக்கே காட்டாமல் உத்தேசமாக மதிப்பிடப்பட்ட வழக்குகளில், ஆணையர் முதல்முறையாக எல்லா ஆதாரத்தையும் தானே உட்கார்ந்து பார்க்க வேண்டி வந்தது, கோப்புகள் குவிந்தன. 2024இல் அந்த வகை வழக்குகளுக்கு மட்டும் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அனுபவம் ஒரு வரியில் இருக்க, அடுத்த வரியில் அதே தடை.

தடையின் விளைவு சென்னையில் தெரிந்தது. முதல் மூன்று நிதியாண்டுகளுக்கான உத்தரவு போடக் கடைசி நாள்கள் 2023 டிசம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை வரிசையாக வந்தன. அலுவலர்கள் அவசர அவசரமாக எழுதினார்கள். முன்னறிவிப்பு தபாலில் வரவில்லை. வலைத்தளத்தில் ஏற்றப்பட்டது, அதுவும் வழக்கமாகப் பார்க்கும் பக்கத்தில் இல்லாமல் 'கூடுதல் நோட்டீசுகளும் உத்தரவுகளும்' என்ற தனி மூலையில். விழுப்புரத்தில் இரும்புக் கடை வைத்திருப்பவர் மாதம் ஒருமுறை கணக்கர் மூலம் படிவம் போடுபவர்; அந்த மூலையைத் திறந்திருக்கமாட்டார். பதில் இல்லை, நேர்விசாரணைக்கு ஆள் இல்லை, உத்தரவு முழுத் தொகைக்கும். வங்கிக் கணக்கு முடக்கப்பட்ட பிறகுதான் சேதி தெரியும். அதற்குள் மேல்முறையீட்டுக்கான மூன்று மாதமும், மன்னிக்கக்கூடிய ஒரு மாதமும் ஓடியிருக்கும்.

கெடுவுக்குள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போனாலும் அவரால் திருப்பி அனுப்ப முடியாது. சரக்கு மற்றும் சேவை வரிக்கான தீர்ப்பாயமோ அப்போது பிறக்கவில்லை, அதன் அமைப்பில் நீதித்துறை உறுப்பினர்கள் சிறுபான்மையாக இருந்ததைச் சென்னை உயர் நீதிமன்றமே 2019 செப்டம்பரில் செல்லாததாக்கியது, புதிதாக அமைக்க ஆண்டுகள் ஆயின. எஞ்சியது உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம். கெடு கடந்தவர்களை ரிட் வழியாக உள்ளே விடக் கூடாது என்று 2020இல் கிளாக்ஸோ வழக்கில் உச்ச நீதிமன்றம் எச்சரித்திருந்தும், விசாரணையே நடக்காத உத்தரவுகளை அப்படியே விட நீதிபதிகளுக்கு மனம் வரவில்லை. 2024 முழுவதும் அதற்குப் பிறகும் சென்னையில் நாள்தோறும் ஒரே அச்சில் உத்தரவுகள்: தகராறு வரியில் 10 சதவீதம், பின்னாளில் பல வழக்குகளில் 25 சதவீதம் கட்டு, கட்டினால் உத்தரவு ரத்து, பதில் கொடு, அலுவலர் நேரில் கேட்டுப் புதிதாக எழுதட்டும்.

நியாயமான உத்தரவுகள்தான். ஆனால் மாவட்டத்திலேயே ஒரு அதிகாரி அரை நாளில் செய்திருக்கக்கூடிய வேலைக்கு மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் பயன்பட்டது. இரும்புக் கடைக்காரருக்கு வழக்கறிஞர் கட்டணம், முன்பணம், சென்னைப் பயணம் எல்லாம் சேர்ந்து, சிறு தொகை வழக்கு என்றால் வரியைக் கட்டித் தொலைப்பதே மேல் என்றாகிவிடும். அப்படிக் கட்டித் தொலைத்தவர்களின் பெயர் எந்தத் தீர்ப்புத் தொகுப்பிலும் வராது. திருப்பி அனுப்பும் அதிகாரத்தைத் தடுத்த 107(11) காலத்தை மிச்சப்படுத்தியதா என்று கேட்பவர்கள் இவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

திரும்பி வந்த கோப்புக்கும் இப்போது கெடு உண்டு. 75ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவின்படி, மேல்முறையீட்டு அதிகாரி, தீர்ப்பாயம் அல்லது நீதிமன்றத்தின் ஆணைப்படி போட வேண்டிய உத்தரவை அந்த ஆணை கிடைத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பழைய விற்பனை வரிக் காலத்தில் திரும்பிய கோப்பு வட்ட அலுவலக அலமாரியில் தூங்கியதைப் பார்த்தவர்களுக்கு இது முன்னேற்றம். ஆனால் வழக்கில் இருக்கும் கணக்குப் புத்தகத்தை வழக்கு முடிந்து ஓராண்டு வரையாவது வைத்திருக்க வேண்டும் என்று 36ஆம் பிரிவு வணிகரைக் கட்டுப்படுத்துகிறது. கோப்பு ஏறி இறங்கும் ஆண்டுகளில் அலுவலர் மூன்று முறை மாறியிருப்பார், கணக்கர் வேலையை விட்டிருப்பார். கரையான் அரிக்காமல் பேரேட்டைக் காப்பது கடைக்காரர் பொறுப்பு.

சரக்கு மற்றும் சேவை வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது. முதல் மேல்முறையீட்டுக்குத் தகராறு வரியில் 10 சதவீதம் கட்டியவர் இங்கே இன்னொரு 10 சதவீதம் கட்டி நுழையலாம். முதலில் 20 என்று இருந்ததை 2024இல் குறைத்தார்கள். 113ஆம் பிரிவு இதற்குத் திருப்பி அனுப்பும் அதிகாரத்தைத் தருகிறது, மூன்று முகவரியோடு: மேல்முறையீட்டு அதிகாரி, சீராய்வு அதிகாரி, முதல் உத்தரவு எழுதியவர். ஒரு சிக்கல் உடனே கண்ணில் படும். மேல்முறையீட்டு அதிகாரிக்கு அனுப்பினால் அவர் அதற்குமேல் கீழே அனுப்ப முடியாது, ஆதாரத்தைத் தானே பார்க்க வேண்டும். அதிலும் ஒரு லாபம் இருக்கிறது: இறங்கிய கோப்பு பாதியில் நிற்கும். முதல் மேசைக்கே அனுப்பினால் படிக்கட்டு முழுவதையும் மறுபடி ஏற வேண்டியிருக்கும். விழுப்புரம், திண்டிவனம் வழக்குகளில் முன்னறிவிப்பே போய்ச் சேராதவற்றை முதல் மேசைக்கும், ஒரு படிவமோ ஒரு சீட்டோ பார்க்கப்படாமல் விட்டவற்றை நடுப்படிக்கும் அனுப்புவதே முறை என்று எனக்குப் படுகிறது. பார்க்க வேண்டிய ஆவணத்தின் பெயரை உத்தரவிலேயே எழுதி.